போனில் வாசித்துப் பாருங்கள்: வலைப்பக்க அட்டவணைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். குடிநீர் தரும் ஐந்து ஏரிகளின் பெயர், முழு உயரம், இன்றைய நீர்மட்டம், கொள்ளளவு, இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என்று கட்டம் கட்டமாக எண்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2019 கோடை வறட்சியையும் பார்த்த ஊர் என்பதால், அந்த எண்களைப் பார்த்த பிறகுதான் பலருக்குக் காபியே இறங்கும்.

என் நண்பர் ஒருவருக்குக் கண்பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல அவருடைய போனில் இருக்கும் ஸ்கிரீன் ரீடர் என்ற செயலி அந்தப் படத்தை "இமேஜ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதனால் எனக்குப் போன் செய்வார். "என்னப்பா, செம்பரம்பாக்கம் எவ்வளவு இருக்கு?" நான் பார்த்துச் சொல்வேன்.

இப்படிப் பல காலைகள் வாசித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வெறும் எண்ணை நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "செம்பரம்பாக்கம், முழு உயரம், 24 அடி" என்றுதான் சொல்கிறேன். எந்த ஏரி, எந்த அளவு, அப்புறம்தான் எண். கண்ணால் பார்ப்பவர் இந்த மூன்றையும் ஒரே பார்வையில் சேர்த்துக்கொள்கிறார். காதால் கேட்பவருக்கு யாராவது சேர்த்துச் சொல்ல வேண்டும். சரியாகக் கட்டிய அட்டவணை அந்த வேலையைத் தானே செய்துவிடும். எப்படிக் கட்டுவது என்று இந்த ஏரிகளை வைத்தே பார்க்கலாம்.

1. முதலில், அட்டவணை வேண்டுமா?

ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு முகவரிகள் இருந்தால் அது அட்டவணைக்கு உரியது. 3,645 என்பது "செம்பரம்பாக்கம்" என்ற வரிசையிலும் "கொள்ளளவு" என்ற நிரலிலும் நிற்கிறது. ஒரு முகவரி மட்டும்தான் என்றால் சாதாரணப் பட்டியல் போதும். ஐந்து ஏரிகளின் பெயரை மட்டும் சொல்ல யாரும் கட்டம் போட வேண்டியதில்லை.

வலைப்பக்கத்தை இடம், வலம், நடு என்று பிரித்து அடுக்குவதற்கும் அட்டவணையைப் பயன்படுத்தக் கூடாது. 1990களின் பிற்பகுதியில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ் (CSS) அப்போது அவ்வளவு வளரவில்லை. இன்று அதற்கு அதிலேயே ஃபிளெக்ஸ், கிரிட் என்ற அடுக்கும் முறைகள் இருக்கின்றன.

(ஒரு சொல் விளக்கம். இதில் கிடையாகப் போவதை வரிசை என்றும், செங்குத்தாக இறங்குவதை நிரல் என்றும் சொல்கிறேன். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் "காலம்" என்று வந்து நேரத்தோடு குழம்பும்.)

2. தாளில் வரையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். வாசகர் என்ன கேள்வியோடு வருவார் என்று மேலே எழுதுங்கள். "இன்று என் ஏரியில் எவ்வளவு தண்ணீர்?" என்பதுதான் கேள்வி என்றால் ஏரியின் பெயர் முதல் நிரலில் வர வேண்டும். வரிசை எண் வேண்டாம். பலர் பழக்கத்தில் 1, 2, 3 என்று முதல் நிரலை வீணாக்குகிறார்கள். போனில் வாசிக்கும்போது "மூன்று, 21.20" என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

நம் மாதிரி அட்டவணை இதுதான்:

சென்னைக்குக் குடிநீர் தரும் ஐந்து ஏரிகள்: முழு உயரமும் முழுக் கொள்ளளவும்

| ஏரி | முழு உயரம் (அடி) | முழுக் கொள்ளளவு (மில்லியன் கன அடி) |
|---|---:|---:|
| பூண்டி | 35.00 | 3,231 |
| சோழவரம் | 18.86 | 1,081 |
| புழல் | 21.20 | 3,300 |
| செம்பரம்பாக்கம் | 24.00 | 3,645 |
| கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை | 36.61 | 500 |
| மொத்தம் | பொருந்தாது | 11,757 |

அலகை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதவில்லை, நிரல் தலைப்பில் ஒரே ஒருமுறை எழுதியிருக்கிறேன். கேட்பவருக்குத் தலைப்போடு சேர்ந்து அலகும் வந்துவிடும், பார்ப்பவருக்குக் கட்டம் சுத்தமாக இருக்கும். "மி.க.அடி" என்று சுருக்கவும் இல்லை. ஸ்கிரீன் ரீடர் அந்தச் சுருக்கத்தை "மி, க, அடி" என்று உதிர்த்துப் போடும்.

ஒரே நிரலில் இரண்டு அலகுகளைக் கலப்பது மன்னிக்க முடியாத தவறு. மேட்டூர் அணையின் கொள்ளளவை 93.47 டிஎம்சி என்பது வழக்கம், சென்னை ஏரிகளை மில்லியன் கன அடியில் சொல்வது வழக்கம். இரண்டையும் அப்படியே ஒரு நிரலில் போட்டால் 3,645 என்ற செம்பரம்பாக்கம் 93.47 என்ற மேட்டூரைவிடப் பெரிதாகத் தெரியும். ஒரு டிஎம்சி என்பது 1,000 மில்லியன் கன அடி. ஐந்து ஏரிகளும் நிரம்பினாலும் 11.757 டிஎம்சிதான், மேட்டூரில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.

"மொத்தம்" வரிசையில் உயரத்துக்கு எதிரே "பொருந்தாது" என்று எழுதியதைக் கவனியுங்கள். ஐந்து ஏரிகளின் உயரத்தைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. அதற்காகக் கட்டத்தைக் காலியாக விட்டால், கேட்பவருக்கு அது விடுபட்டதா, இல்லாததா, சுழியா என்று தெரியாது. ஏரி விஷயத்தில் இந்த வேறுபாடு உயிர்நாடி. 0 என்றால் ஏரி வறண்டுவிட்டது. காலி என்றால் இன்றைய தகவல் வரவில்லை. தகவல் வரவில்லை என்றால் "தகவல் இல்லை" என்று முழுதாக எழுதுங்கள். சிறு கோடு மட்டும் போட்டால் சில ஸ்கிரீன் ரீடர்கள் அதைச் சொல்லாமலே தாண்டிவிடும்.

மொத்தத்தில் எவை சேர்ந்திருக்கின்றன என்பதையும் அட்டவணை சொல்ல வேண்டும். கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய அட்டவணைகளில் நான்கு ஏரிகளின் மொத்தம் 11,257. அந்த 500 எங்கிருந்து வந்தது என்று பழைய தாளையும் புதிய தாளையும் வைத்து ஒப்பிடுபவர் விழிக்கக் கூடாது. என் தலைப்பில் "ஐந்து" என்ற சொல் இருப்பது அதற்காகத்தான்.

3. இப்போது ஹெச்டிஎம்எல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஹெச்டிஎம்எல் (HTML) என்பது வலைப்பக்கத்தின் பகுதிகளை டேக் என்ற குறிகளால் குறிக்கும் மொழி. மொத்தத்தையும் டேபிள் (table) டேகுக்குள் வையுங்கள். அதற்குள் முதல் ஆளாக வர வேண்டியது கேப்ஷன் (caption). இது அட்டவணையின் பெயர். மேலே ஒரு பத்தியில் தடித்த எழுத்தில் எழுதிவிட்டால் கண்ணுக்குப் போதும், ஆனால் அந்தப் பத்திக்கும் அட்டவணைக்கும் உள்ள உறவு கணினிக்குத் தெரியாது. கேப்ஷனில் எழுதினால் ஸ்கிரீன் ரீடர் அட்டவணைக்குள் நுழையும்போதே அந்தப் பெயரைச் சொல்லி, இத்தனை வரிசை, இத்தனை நிரல் என்றும் அறிவித்துவிடும். வேண்டுமா, தாண்டிப் போகலாமா என்று கேட்பவர் அங்கேயே முடிவு செய்துகொள்வார்.

அடுத்து டிஹெட் (thead), அதற்குள் நிரல் தலைப்புகள். பிறகு டிபாடி (tbody), அதற்குள் ஏரிகள். மொத்தம் வரிசையை டிஃபுட்டில் (tfoot) வைக்கலாம். ஒவ்வொரு வரிசையும் ஒரு டிஆர் (tr).

இனி முக்கியமான இடம். கட்டத்தில் இரண்டு வகை உண்டு: தகவல் கட்டம் டிடி (td), தலைப்புக் கட்டம் டிஎச் (th). நான் முதன்முதலில் செய்த அட்டவணைகளில் எல்லாவற்றையும் டிடியாகப் போட்டு, தலைப்பை மட்டும் தடித்த எழுத்தாக்கினேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. கேட்டால், "பூண்டி, 35, 3,231, சோழவரம், 18.86" என்று சந்தையில் ஏலம் விடுவதுபோல எண்கள் கொட்டிக்கொண்டே போகும். தடித்த எழுத்து கண்ணுக்கு மட்டும்தான் தலைப்பு.

டிஎச் போட்ட பிறகு, அது யாருக்குத் தலைப்பு என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஸ்கோப் (scope) என்ற பண்பு, அதாவது டேகுக்குள் எழுதும் குறிப்பு. நிரலுக்குத் தலைப்பு என்றால் அதன் மதிப்பு "கோல்" (col), வரிசைக்கு என்றால் "ரோ" (row). 1997 டிசம்பரில் வந்த ஹெச்டிஎம்எல் 4.0இலேயே இது இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் இதைப் போடாத தளங்களைத் தினமும் பார்க்கிறேன்.

நிரல் தலைப்பைப் பலரும் டிஎச் ஆக்கிவிடுகிறார்கள். வரிசைத் தலைப்பைத்தான் மறக்கிறார்கள். பூண்டி, சோழவரம், புழல் என்ற பெயர்களும் டிஎச்தான், ஸ்கோப் "ரோ". இதைச் செய்துவிட்டால், கொள்ளளவு நிரலில் ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறங்கும்போது ஸ்கிரீன் ரீடர் "புழல், 3,300", "செம்பரம்பாக்கம், 3,645" என்று ஏரியின் பெயரோடு சொல்லும். ஒரே வரிசையில் வலப்புறம் நகர்ந்தால் நிரல் தலைப்பைச் சொல்லும். நான் போனில் செய்த அதே வேலை.

இடது மேல் மூலைக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அது முதல் நிரலின் தலைப்பு, "ஏரி" என்று எழுதுங்கள்.

சரி, இரண்டு அடுக்குத் தலைப்பு வந்தால்? "இன்று" என்ற பெருந்தலைப்பின் கீழ் நீர்மட்டம், இருப்பு; "கடந்த ஆண்டு இதே நாள்" என்பதன் கீழ் மறுபடி நீர்மட்டம், இருப்பு. கட்டங்களை இணைத்து ஸ்கோப்பில் "கோல்குரூப்" (colgroup) போடலாம். அதுவும் போதாவிட்டால் ஒவ்வொரு தலைப்புக்கும் ஐடி (id) என்ற தனி அடையாளப் பெயர் கொடுத்து, ஒவ்வொரு தகவல் கட்டத்திலும் ஹெடர்ஸ் (headers) என்ற பண்பில் அவற்றைக் குறிப்பிடலாம். இரண்டும் விதிப்படி சரி. ஆனால் எல்லா ஸ்கிரீன் ரீடரும் எல்லா பிரௌசரும் இதை ஒரே மாதிரி கையாள்வதில்லை, கையால் எழுதினால் ஐடிகளில் பிழையும் வரும். நான் இரண்டு தனி அட்டவணைகளாகப் பிரித்துவிடுவேன். இல்லையென்றால் "இன்றைய இருப்பு", "கடந்த ஆண்டு இருப்பு" என்று தலைப்பையே நீட்டி ஒரே அடுக்காக்கிவிடுவேன். போனில் வாசிக்கத் திணறும் அட்டவணை கண்ணால் பார்ப்பவருக்கும் கடினமாகத்தான் இருக்கும், அவர் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

பக்கத்தின் மேலே ஹெச்டிஎம்எல் டேகில் லாங் (lang) என்ற பண்புக்கு "டிஏ" (ta) என்று தமிழின் குறியீட்டைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பல தமிழ்த் தளங்களில் வார்ப்புருவோடு வந்த ஆங்கிலக் குறியீடே இன்னும் இருக்கும். அப்படி இருந்தால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தை வாசிக்கத் தடுமாறும், அல்லது எழுத்தைத் தாண்டி எண்களை மட்டும் சொல்லும்.

4. எண்கள்

எண்களை வலப்புறம் சீராக்குங்கள், அவற்றின் தலைப்பையும் சேர்த்து. பெயர்கள் இடப்புறம். நடுவில் சீராக்கினால் 500உம் 3,645உம் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். வலப்புறம் சீராக்கினால் நீளத்தைப் பார்த்தே எது பெரிது என்று கண் சொல்லிவிடும்.

அப்படிச் சீராக்கியது பலிக்க வேண்டுமென்றால் தசமப் புள்ளிக்குப் பின் எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்ணிக்கையில் இலக்கங்கள் இருக்க வேண்டும். பூண்டிக்கு 35 என்றும் சோழவரத்துக்கு 18.86 என்றும் எழுதினால் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்காது. அதனால்தான் மேலே 35.00, 24.00 என்று எழுதினேன். எழுத்துருவிலும் ஒரு சூட்சுமம் உண்டு: சில எழுத்துருக்களில் 1 ஒல்லியாகவும் 8 குண்டாகவும் இருக்கும். சிஎஸ்எஸ்ஸில் ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக் (font-variant-numeric) என்பதற்கு "டாபுலர்-நம்ஸ்" (tabular-nums) என்ற மதிப்பைக் கொடுத்தால், எழுத்துருவில் அந்த வசதி இருக்கும்பட்சத்தில், எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் வரும்.

லட்சத்தைத் தாண்டும் எண்களில் 1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளி போடுங்கள். ௩, ௭ போன்ற தமிழ் எண்களைத் தகவல் அட்டவணையில் தவிர்க்கலாம். எனக்கும் அவை பிடிக்கும், ஆனால் ஏரியில் எவ்வளவு தண்ணீர் என்று அவசரமாகப் பார்க்கும் அட்டவணை அவற்றை வைக்கும் இடம் அல்ல.

5. தோற்றம்

நாலாபுறமும் கறுப்புக் கோடு போட்ட கட்டங்கள் ஜன்னல் கம்பிபோல எண்களை மறைக்கும். வரிசைகளுக்கு இடையே மெல்லிய கிடைக்கோடு, தலைப்புக்குக் கீழே சற்றுத் தடித்த கோடு, கட்டத்துக்குள் தாராளமான இடைவெளி. இவ்வளவு போதும். தமிழுக்கு வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள், 1.5 அல்லது 1.6. ஆங்கிலத்துக்கு வைத்த உயரத்தில் "பூ", "ழு" போன்றவற்றின் கால் அடுத்த வரியை மிதிக்கும்.

வலைப்பக்க அணுகலுக்கான சர்வதேச நெறிமுறையான டபிள்யூசிஏஜி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற நிற வேறுபாட்டைக் கேட்கிறது. வெளிர் சாம்பலில் எழுதிய தலைப்புகள் பெரும்பாலும் இதில் தோற்றுவிடும். அதே நெறிமுறை, நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதே என்றும் சொல்கிறது. இருப்பு குறைந்த ஏரியைச் சிவப்பில் காட்டுங்கள், தவறில்லை. பக்கத்திலேயே "குறைவு" என்ற சொல்லும் இருக்கட்டும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவருக்கும், அதைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுபவருக்கும் அந்தச் சொல்தான் துணை.

6. கைப்பேசியில்

தமிழ்த் தலைப்புகள் நீளமானவை. "கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை" ஒன்றே பாதித் திரையைப் பிடித்துக்கொள்ளும். சொல்லை எந்த இடத்திலும் உடைக்கும் சிஎஸ்எஸ் கட்டளையை இதற்காகப் போடாதீர்கள், "செம்பரம்பாக்" ஒரு வரியிலும் "கம்" அடுத்த வரியிலும் விழும்.

அட்டவணையை டிவ் (div) என்ற வெறும் பெட்டி டேகுக்குள் வைத்து, அந்த டிவ்வை மட்டும் பக்கவாட்டில் நகரும்படி செய்வதுதான் நான் சிபாரிசு செய்யும் வழி. பக்கம் முழுவதும் நகரக் கூடாது. 320 பிக்சல் அகலத்தில் இருபுறமும் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும் என்ற டபிள்யூசிஏஜி விதியில், இயல்பிலேயே இரு திசை கொண்ட தகவல் அட்டவணைக்கு விலக்கு உண்டு. அந்த டிவ்வுக்கு டேப்இன்டெக்ஸ் (tabindex) 0 கொடுங்கள், அப்போதுதான் மவுஸ் இல்லாமல் விசைப்பலகையில் இருப்பவரும் அம்புக்குறியால் நகர்த்த முடியும். ரோல் (role) பண்பில் "ரீஜன்" (region) என்று கொடுத்து, கேப்ஷனையே அதன் பெயராக இணைத்துவிடுங்கள். முதல் நிரலை ஓரத்தில் ஒட்டி நிற்கச் செய்தால் எத்தனை தூரம் நகர்த்தினாலும் ஏரியின் பெயர் கண்ணில் இருக்கும். அந்த நிரலே திரையை அடைக்காத அளவுக்கு அகலத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

வரிசைகளைத் தனித்தனி அட்டைகளாகக் கலைத்துப் போடும் பாணி ஒன்று உண்டு. ஒரு ஏரியை மட்டும் பார்க்க வசதிதான். ஐந்தையும் ஒப்பிட முடியாது, ஒப்பிடத்தானே அட்டவணை போட்டோம்? தவிர, அதற்காக டேபிள் டேகுக்கு சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளேயை (display) "பிளாக்" (block) என்று மாற்றினால் சில பிரௌசர்களில் அது அட்டவணை என்ற அடையாளமே போய்விடும். மூன்றாம் படியில் பட்ட பாடெல்லாம் வீண்.

7. வரிசைப்படுத்தும் வசதி

ஐந்து வரிசைக்கு இது தேவையில்லை. ஐம்பது இருந்தால் தேவை. தலைப்புக் கட்டத்துக்குள் நிஜமான பட்டன் ஒன்றை வையுங்கள், கிளிக் பண்ணும் வெறும் எழுத்தாக வேண்டாம். எந்த நிரல் எந்தத் திசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த டிஎச்சில் ஏரியா-சார்ட் (aria-sort) என்ற பண்பு சொல்லும். (ஏரிக்கும் இந்த ஏரியாவுக்கும் உறவில்லை.)

வலைப்பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில், வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டளையை அப்படியே நம்பினால் இரண்டு குழிகள். முதலாவது, அது எண்ணையும் எழுத்தாகப் பார்க்கும். கொள்ளளவை ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால் 1081, 3231, 3300, 3645, கடைசியில் 500. முதல் இலக்கம் 5 என்பதால் சின்ன நீர்த்தேக்கம் எல்லாவற்றையும்விடப் பெரிதாகிவிட்டது. காற்புள்ளியை நீக்கி எண்ணாக மாற்றிய பிறகு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது குழி தமிழுக்கே உரியது. யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்வரிசை நம் அகராதி வரிசை அல்ல. அங்கே ன, ந-வுக்கு அடுத்து நிற்கிறது. நமக்கோ அது மெய்களில் கடைசி. புள்ளிக்குறி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால் வருகிறது. அகராதியில் மெய் முன்னால் வரும். சென்னைப் பகுதிகளில் மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அகராதிப்படி அம்பத்தூர், அமைந்தகரை, அனகாபுத்தூர். சார்ட் தருவது அனகாபுத்தூர், அமைந்தகரை, அம்பத்தூர். அப்படியே தலைகீழ்! ஒப்பிடும்போது லோக்கேல்கம்பேர் (localeCompare) என்ற கட்டளையைத் தமிழ் மொழிக்குறியீட்டோடு அழைத்தால் இது சரியாகிவிடும். ஒரு வரி வேலை.

8. கண்ணை மூடிக்கொண்டு சோதியுங்கள்

விண்டோஸில் என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை நிறுவுங்கள். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, அதனோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. குரல் கொஞ்சம் இரும்புக் குரல்தான், பழகிவிடும். பக்கத்தைத் திறந்து டி (T) விசையை அழுத்தினால் அடுத்த அட்டவணைக்குத் தாவும். கேப்ஷன் கேட்கிறதா? பிறகு கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறிகளால் கட்டம் கட்டமாக நகருங்கள். மேக்கில் வாய்ஸ்ஓவர் கூடவே வருகிறது, கன்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்த்து அம்புக்குறி.

இப்போது மானிட்டரை அணைத்துவிடுங்கள். நடுவில் ஏதோ ஒரு கட்டத்தில் நின்று, இது எந்த ஏரி, எந்த அளவு என்று சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பெரும்பாலும் வரிசைத் தலைப்பு டிடியாக இருக்கும். மறுபடி திரையைப் போட்டு, பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் உலவிப் பாருங்கள். அரைமணி நேரம் ஆகும்.

நான் செய்த ஏரி அட்டவணையின் முகவரியை நண்பருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை வழக்கம்போலப் போன் வந்தது. "செம்பரம்பாக்கம் பார்த்தாச்சு. மொத்தத்துல உயரத்துக்கு நேரே 'பொருந்தாது'ன்னு போட்டிருக்கியே, அது நல்லா இருக்கு. ஆனா புழல்னா எங்கம்மாவுக்குத் தெரியாதுப்பா, அவங்களுக்கு அது ரெட் ஹில்ஸ்தான்." அன்றே அந்த வரிசைத் தலைப்பைப் "புழல் (ரெட் ஹில்ஸ்)" என்று மாற்றினேன்.